குப்பைக்குக் கணக்கு யார் கொடுப்பது?
சுற்றுச்சூழல் சட்டங்களும் நம் நகராட்சிகளின் சுமையும் – வணிகர்களுக்கு ஒரு விளக்கம்



சங்க அலுவலகத்திற்கு வரும் உறுப்பினர்கள் அண்மைக் காலமாக ஒரே மாதிரியான கேள்வியைக் கேட்கிறார்கள். கையில் ஒரு கேட்பு அறிவிப்போ அபராத ரசீதோ இருக்கும். "சட்டம் போடுவது சென்னையிலும் டெல்லியிலும். கடை வாசலில் வந்து நிற்பது மாநகராட்சி ஆள். பணம் கொடுப்பது நாம். இது என்ன கணக்கு?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் இதே கேள்வியை நம் மாநகராட்சியும் நகராட்சியும் பேரூராட்சியும் மேலே பார்த்துக் கேட்டுக் கொண்டிருக்கின்றன என்பதை நம்மில் பலர் அறிவதில்லை. ஒசூர், கிருஷ்ணகிரி எல்லைப் பகுதியில் கடை நடத்துவோர் தெரிந்து வைத்திருக்க வேண்டிய அளவுக்கு இதை இங்கே விளக்க முயல்கிறோம்.

எந்தச் சட்டத்தைப் பற்றிப் பேசுகிறோம்?

தமிழ்நாட்டில் "காலநிலைச் சட்டம்" என்று தனியாக ஒரு சட்டம் இல்லை. 2022ஆம் ஆண்டில் தமிழ்நாடு காலநிலை மாற்ற இயக்கம் ஏற்படுத்தப்பட்டது. மாவட்டந்தோறும் ஆட்சியர் தலைமையில் அதற்கு ஓர் அமைப்பும் வந்தது. அது திட்டம் தீட்டும் அமைப்பு. கடைக்கு வந்து ரசீது போடுவதில்லை. நம்மைத் தொடுவது வேறு வழியாக வருகிறது. பிளாஸ்டிக் தடை ஆணை, திடக்கழிவு மேலாண்மை விதிகள் ஆகிய இரண்டும்தான் அந்த வழி. முதலாவது மாநில அரசின் ஆணை. இரண்டாவது மத்திய அரசின் விதி. இரண்டையும் நிறைவேற்றும் பொறுப்பு உள்ளாட்சியின் தலையில் இருக்கிறது.

குப்பைக்கும் காலநிலைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். காய்கறிக் கழிவையும் சாப்பாட்டுக் கழிவையும் மற்றக் குப்பையோடு கலந்து கிடங்கில் மலைபோலக் குவித்தால், உள்ளே காற்றுப் புகாமல் அது அழுகி மீத்தேன் வாயுவை வெளிவிடுகிறது. நூறாண்டுக் கணக்கில் பார்த்தால் இந்த வாயு கரியமில வாயுவைவிடச் சுமார் 28 மடங்கு அதிகமாகப் பூமியைச் சூடாக்கும். கோடைக் காலத்தில் குப்பைக் கிடங்குகள் தீப்பிடித்து நாட்கணக்கில் புகைவதற்கும் இந்த வாயு ஒரு காரணம். ஆகவே, குப்பையைக் கடையிலேயே பிரித்து, மக்குவதை எருவாக்க வேண்டும் என்பது வெறும் அழகுக்காகச் சொல்லப்படும் விஷயமல்ல. அந்தக் காரணத்தை நாம் மறுக்கவில்லை. செலவு யாருடையது என்பதுதான் நம் கேள்வி.

உள்ளாட்சிக்கு வரும் வேலை

1993ஆம் ஆண்டு ஜூன் 1 முதல் நடைமுறைக்கு வந்த 74வது அரசியல் சட்டத் திருத்தம், நகர உள்ளாட்சிகளுக்கு ஒப்படைக்கத்தக்க 18 பணிகளைப் பட்டியலிட்டது. அதில் பொதுச் சுகாதாரமும் திடக்கழிவு மேலாண்மையும் உண்டு. சுற்றுச்சூழல் பாதுகாப்பும் உண்டு. வேலைப் பட்டியல் தெளிவாக வந்தது. வேலைக்கான பணம் அந்தத் தெளிவோடு வரவில்லை.

2016 ஏப்ரலில் வந்த திடக்கழிவு மேலாண்மை விதிகள், வீடு வீடாகவும் கடை கடையாகவும் சென்று பிரித்த குப்பையைப் பெற வேண்டும், எருவாக்க வேண்டும், பழைய குப்பைமேட்டைக் கிளறிப் பிரித்து நிலத்தை மீட்க வேண்டும், துணை விதிகள் இயற்றிக் கட்டணமும் அபராதமும் வசூலிக்க வேண்டும் என்று உள்ளாட்சிகளுக்கு உத்தரவிட்டன. அவற்றுக்குப் பதிலாக 2026ஆம் ஆண்டின் புதிய விதிகள் 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தன. முன்பு மூன்று வகையாகப் பிரிக்கச் சொன்னது, இப்போது நான்கு வகையாகியிருக்கிறது: ஈரக் குப்பை, உலர் குப்பை, நாப்கின் போன்ற சுகாதாரக் கழிவு, தனிக் கவனம் தேவைப்படும் கழிவு. பழைய பல்பு, பேட்டரி, காலாவதியான மருந்து, பெயிண்ட் டப்பா ஆகியவை நான்காவது வகை.

புதிய விதிகளில் நாம் கவனிக்க வேண்டிய இன்னொன்றும் உண்டு. பிரிக்காத குப்பையை நிலநிரப்புக் கிடங்குக்கு அனுப்பும் உள்ளாட்சி, பிரித்து அனுப்புவதைவிட அதிகக் கட்டணம் செலுத்த வேண்டும். அதாவது, நாம் கடையில் பிரிக்காவிட்டால் மாநகராட்சிக்குத் தண்டம். மாநகராட்சிக்குத் தண்டம் என்றால் அது எங்கே வந்து சேரும் என்று வியாபாரிக்குச் சொல்ல வேண்டியதில்லை.

பசுமைத் தீர்ப்பாயத்தின் உத்தரவுகளும் உண்டு. விதிகளை நிறைவேற்றாத உள்ளாட்சிகள், மக்கள்தொகைக்கு ஏற்ப மாதம் 10 லட்சம், 5 லட்சம், 1 லட்சம் ரூபாய் என்று இழப்பீடு கட்ட வேண்டும் என 2020ஆம் ஆண்டில் தீர்ப்பாயம் கூறியது. பக்கத்துக் கர்நாடக அரசு 2,900 கோடி ரூபாய் சுற்றுச்சூழல் இழப்பீடு ஒதுக்க வேண்டும் என்று 2022 அக்டோபரில் உத்தரவிட்டது. கழிவுகளைச் சரியாகக் கையாளாததே காரணம். பெரிய மாநிலத்துக்கே இந்த நிலை என்றால், கெலமங்கலம், காவேரிப்பட்டணம் போன்ற பேரூராட்சிகள் அஞ்சுவதில் வியப்பில்லை.

செலவும் வரவும்

குப்பைச் செலவை இரண்டாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். நாம் கடையில் முதலீடு, நடைமுறைச் செலவு என்று பிரிப்பது போலத்தான் இதுவும்.

வண்டி வாங்குவது, உரக்கூடம் கட்டுவது, பழைய கிடங்கைக் கிளறிச் சுத்தம் செய்வது ஆகியவை முதலீடு. இதற்கு மத்திய, மாநில அரசுகள் ஓரளவு பணம் தருகின்றன. 2021 அக்டோபரில் தொடங்கிய தூய்மை இந்தியா இரண்டாம் கட்டத் திட்டம் பெரும்பாலும் இந்த வகைக்குத்தான்.

தூய்மைப் பணியாளர் சம்பளம், ஒப்பந்ததாரர் பில், வண்டிக்கு டீசல் அல்லது மின்சாரம், பேட்டரி மாற்றுவது, உரக்கூடத்துக்கு ஆள் கூலி ஆகியவை நடைமுறைச் செலவு. இது மாதாமாதம் வருவது, நிற்காதது. இதைப் பெரும்பாலும் உள்ளாட்சியே தன் சொந்த வருவாயிலிருந்து பார்த்துக்கொள்ள வேண்டும். கடையைத் திறந்து வைக்க ஒருவர் பணம் கொடுத்துவிட்டு, ஆள் சம்பளத்தையும் கரண்ட் பில்லையும் நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்றால் எப்படி இருக்கும்? உள்ளாட்சிகளின் முறையீடு இதுதான்.

சொந்த வருவாய் என்றால் என்ன? சொத்து வரி, தொழில் வரி, உரிமக் கட்டணம், குடிநீர்க் கட்டணம், கடை வாடகை. இவற்றில் பெரும் பகுதி நம் வணிகர்களின் கையிலிருந்து போவது.

மத்திய நிதிக்குழு தரும் மானியம் கையில் வந்த பிறகும் முழுச் சுதந்திரம் கிடையாது. 2021 முதல் 2026 வரையிலான காலத்துக்கு 15வது நிதிக்குழு தந்த மானியத்தில், பத்து லட்சத்துக்குக் குறைவான மக்கள்தொகையுள்ள நகரங்களுக்கு 60 சதவீதம் குடிநீருக்கும் சுகாதாரம், திடக்கழிவுக்கும் என்று ஒதுக்கிக் கட்டுப்படுத்தப்பட்டிருந்தது. அந்த மானியம் பெறவே சொத்து வரியை உயர்த்தியாக வேண்டும் என்பது நிபந்தனை. 2022 ஏப்ரலில் தமிழகத்தில் சொத்து வரி உயர்ந்தபோது அரசு இந்த நிபந்தனையைத்தான் காரணமாகக் காட்டியது. சென்னை நீங்கலான ஊர்களில் அப்போது வணிகக் கட்டடங்களுக்கு 100 சதவீத உயர்வு அறிவிக்கப்பட்டது நம் உறுப்பினர்களுக்கு மறந்திருக்காது. மேலே ஒரு விதி கையெழுத்தாகும்போது கீழே ஒரு கடையின் வரி எப்படி உயர்கிறது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் தேவையில்லை.

சென்னையில் நடந்தது

2021 ஜனவரி 1 முதல் சொத்து வரியோடு சேர்த்துக் குப்பைக் கட்டணம் வசூலிப்பதாகச் சென்னை மாநகராட்சி அறிவித்தது. வீட்டு உரிமையாளர்களும் வணிகர்களும் எதிர்த்தார்கள். தேர்தல் நேரம். கட்டணம் கைவிடப்பட்டது. அன்று பலர் வெற்றி என்றார்கள்.

ஆனால் கட்டணம் நின்றதால் குப்பை குறையவில்லை. சம்பளமும் டீசலும் குறையவில்லை. அடுத்த ஆண்டே சொத்து வரி உயர்ந்தது. 2024இல் சென்னையில் மேலும் 6 சதவீத உயர்வுக்குத் தீர்மானம் வந்தது. குப்பைக் கட்டணம் நின்றதால்தான் வரி உயர்ந்தது என்று நாம் சொல்ல வரவில்லை. ஒரு வாசலை மூடினால் செலவு வேறு வாசல் வழியாக வரும் என்பதையே சொல்கிறோம். "கட்டமாட்டோம்" என்று மட்டும் சொல்லும் கோரிக்கை நீண்ட நாள் நிற்காது. "எதற்கு, எவ்வளவு, யார் யாருக்கு எந்தப் பங்கு" என்று கேட்கும் கோரிக்கைதான் நிற்கும்.

எல்லையில் இருப்பதன் தனிச் சிரமம்

ஜூஜூவாடி தாண்டினால் அத்திப்பள்ளி. வேறு மாநிலம், வேறு உத்தரவு. மொத்த வியாபாரத்தில் நமக்குப் பாதிச் சரக்கு அந்தப் பக்கத்திலிருந்து வருகிறது. பாதி வாடிக்கையாளரும் அந்தப் பக்கம். இதனால் மற்ற ஊர் வணிகருக்கு இல்லாத மூன்று சிக்கல்கள் நமக்கு உண்டு.

முதலாவது, பை. கர்நாடகம் 2016 மார்ச்சில் பிளாஸ்டிக் பைகளுக்குத் தடை விதித்தது. தமிழ்நாடு 2018 ஜூன் மாத அரசாணை மூலம் 14 வகைப் பொருள்களை 2019 ஜனவரி 1 முதல் தடை செய்தது. மத்திய அரசு 2022 ஜூலை 1 முதல் ஒருமுறை பயன்படுத்தும் சில பொருள்களைத் தடை செய்து, பைகளுக்கு மட்டும் 2022 டிசம்பர் 31 முதல் 120 மைக்ரான் தடிமன் இருக்க வேண்டும் என்றது. இங்கேதான் நம் ஆட்கள் ஏமாறுகிறார்கள். "120 மைக்ரான், அரசு அனுமதி" என்று அச்சிட்ட பையைக் காட்டி விற்பனைப் பிரதிநிதி கொடுத்துவிட்டுப் போகிறார். தமிழ்நாட்டு ஆணையில் பைக்குத் தடிமன் கணக்கே கிடையாது. எந்தத் தடிமனிலும் பிளாஸ்டிக் கைப்பை தடைதான். துணி போலத் தோன்றும் நான்-ஓவன் பையும் அந்த 14இல் அடங்கியது. அது குறித்து மறுபரிசீலனை செய்யும்படி 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் மாநில அரசுக்குக் கூறியது. பிளாஸ்டிக் பூச்சுள்ள காகிதக் கப்புக்கான தடை செல்லும் என்றது. ஆகவே புதிய உத்தரவைக் கண்ணால் பார்க்கும்வரை நான்-ஓவன் பையைச் சரக்காக வாங்கி அடுக்க வேண்டாம் என்று உறுப்பினர்களைக் கேட்டுக் கொள்கிறோம்.

2019 ஜூனில் அறிவிக்கப்பட்ட அபராத விகிதங்கள் இவை. தடை செய்த பொருளைச் சேமித்து வைத்தல், விற்றல், ஏற்றிச் செல்லுதல்: முதல் முறை ரூ.25,000, இரண்டாம் முறை ரூ.50,000, மூன்றாம் முறை ரூ.1 லட்சம். ஜவுளிக்கடை, சூப்பர் மார்க்கெட் போன்ற பெரிய கடைகளில் பயன்படுத்தினால் ரூ.10,000, ரூ.15,000, ரூ.25,000. மளிகை, மருந்துக்கடை போன்றவற்றுக்கு ரூ.1,000, ரூ.2,000, ரூ.5,000. சிறு வியாபாரிக்கு ரூ.100, ரூ.200, ரூ.500. மொத்த வியாபாரிக்கும் சில்லறை வியாபாரிக்கும் உள்ள வித்தியாசத்தைப் பாருங்கள். தன் கடையில் பயன்படுத்த ஒரு கட்டு வைத்திருப்பவர் ஒரு பிரிவு; விற்பனைக்கு மூட்டை அடுக்கி வைத்திருப்பவர் வேறு பிரிவு.

இரண்டாவது, ஆறு. நந்தி மலையில் தோன்றும் தென்பெண்ணை, பெங்களூரின் புறநகர் வழியாக வந்துதான் கெலவரப்பள்ளி அணையில் சேருகிறது. மழைக் காலத்தில் அணையிலிருந்து நுரை பறந்து சாலையை மூடும் படங்களைப் பத்திரிகைகளில் பார்த்திருப்போம். மேலேயுள்ள நகரம் தன் கழிவுநீரைச் சுத்திகரிக்காமல் விட்டால், அதன் நாற்றமும் நோயும் செலவும் கீழேயுள்ள நமக்கு. இந்தச் செலவை எந்த விதியும் ஒசூர் மாநகராட்சிக்குத் திருப்பித் தரவில்லை.

மூன்றாவது, வளர்ச்சி. 1970களில் சிப்காட் வந்தது முதல் இந்த ஊர் வளர்ந்து கொண்டே வருகிறது. 2019 பிப்ரவரியில் ஒசூர் மாநகராட்சியானது. போச்சம்பள்ளி பக்கம் மின்சார ஸ்கூட்டர் தொழிற்சாலையும், ஒசூருக்குத் தெற்கே மின்னணுத் தொழிற்சாலையும் வந்தபின் வெளியூர் ஆட்கள் ஆயிரக்கணக்கில் வந்திருக்கிறார்கள். நம் வியாபாரத்துக்கு அது நல்லதுதான். ஆனால் அவர்கள் தங்கும் அறைகள் பல, நகர எல்லையை ஒட்டிய ஊராட்சிகளில் இருக்கின்றன. அவர்கள் சாப்பிடும் ஓட்டலும் சாமான் வாங்கும் கடையும் நகரத்துக்குள் இருக்கின்றன. தொழிற்சாலையின் லாபத்துக்கான வரி டெல்லிக்குப் போகிறது. சரக்கு வரி சென்னைக்கும் டெல்லிக்கும் போகிறது. குப்பை மட்டும் இங்கேயே தங்கிவிடுகிறது.

பாக்கெட் செய்தவர் எங்கே?

கடையில் சேரும் உலர் குப்பையைக் கொஞ்சம் கிளறிப் பாருங்கள். பிஸ்கட் உறை, ஷாம்பு சாஷே, சிப்ஸ் பாக்கெட், குளிர்பானப் பாட்டில். இவற்றில் எதையும் நாம் தயாரிக்கவில்லை. எந்த உறையில் போடுவது என்று நம்மை யாரும் கேட்கவும் இல்லை.

இதற்குச் சட்டத்தில் இடம் உண்டு. "உற்பத்தியாளரின் நீட்டித்த பொறுப்பு" என்று அதற்குப் பெயர். 2022 பிப்ரவரியில் மத்திய அரசு வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, பிளாஸ்டிக் உறையில் பொருள் விற்கும் நிறுவனம் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் பதிவு செய்து, தான் சந்தையில் விட்ட அளவுக்கு ஏற்பக் கழிவை மறுசுழற்சி செய்ததற்கான சான்று காட்ட வேண்டும். அந்தச் சான்றை மறுசுழற்சி ஆலையிடமிருந்து விலைக்கு வாங்கலாம்.

நல்ல ஏற்பாடுதான். ஆனால் பணம் போகும் பாதையைக் கவனியுங்கள். பெரிய நிறுவனத்திலிருந்து மறுசுழற்சி ஆலைக்குப் போகிறது. தெருத் தெருவாக அந்த உறையைப் பொறுக்கிப் பிரித்த நகராட்சிக்கு அதில் தானாக வந்து சேரும் பங்கு எதுவும் இல்லை. பிரித்த பிளாஸ்டிக்கை ஆலை வாங்கினால் அந்த விலை மட்டும் கிடைக்கும். சாஷே, பல அடுக்கு உறை போன்றவற்றுக்கு விலையும் கிடைப்பதில்லை. சேகரிக்கும் கூலி நகராட்சியின் செலவு. நகராட்சியின் செலவு நம் வரி. நாம் கேட்க வேண்டிய முதல் நியாயம் இங்கேதான் இருக்கிறது.

சொந்தப் பெயரில் மசாலாத் தூள், பருப்பு, மாங்கூழ், ஊறுகாய் பாக்கெட் போட்டு விற்கும் உறுப்பினர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்தப் பொறுப்பில் குறு, சிறு நிறுவனங்களுக்குத் தனிச் சலுகைகள் உண்டு. உங்கள் நிறுவனம் அந்த வகையில் முறையாகப் பதிவாகியிருக்கிறதா என்பதைக் கணக்காளரிடம் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

இது நம் ஊர்க் கதை மட்டுமல்ல

அமெரிக்காவில் நியூயார்க் மாநிலம் 2019இல் காலநிலைச் சட்டம் ஒன்றை இயற்றியது. 1990ஆம் ஆண்டு அளவிலிருந்து 2030க்குள் 40 சதவீதமும் 2050க்குள் 85 சதவீதமும் புகையைக் குறைக்க வேண்டும் என்பது இலக்கு. அதைத் தொடர்ந்து 2022இல், பள்ளிப் பேருந்துகளை மின்சார வண்டிகளாக மாற்றக் கெடு விதித்தது. வண்டியின் விலை அதிகம்; சார்ஜ் செய்யும் வசதிக்கு வேறு செலவு. இதற்குப் பணம் எங்கிருந்து வரும் என்று அங்குள்ள பள்ளி நிர்வாகங்களும் உள்ளாட்சிகளும் கேட்டன. சொத்து வரி கட்டுவோர் தலையில்தான் விழும் என்றன. பணக்கார நாட்டிலேயே இந்தக் கேள்வி எழுகிறது. நல்ல நோக்கமுள்ள சட்டமானாலும் செலவுப் பங்கீட்டை முன்கூட்டியே எழுதாவிட்டால், சட்டத்தின் மீதே மக்களுக்கு வெறுப்பு வரும்.

கடைக் கணக்கு ஒன்று

இனி நம் கைக்கணக்குக்கு வருவோம். பெங்களூரில் 2025 ஏப்ரல் முதல் குப்பைக் கட்டணம் நடைமுறைக்கு வந்தது. வீடுகளுக்குப் பரப்பளவைப் பொறுத்து மாதம் 10 ரூபாயிலிருந்து 400 ரூபாய் வரை. அதிகக் குப்பை தரும் வணிக நிறுவனங்களுக்குக் கிலோவுக்கு 12 ரூபாய். நம் ஊரில் இந்த விகிதம் இல்லை. ஆனால் பக்கத்து ஊர் விலை நம் ஊருக்கு வர அதிக நாள் ஆகாது என்பது வியாபாரிக்குத் தெரியும். கணக்குக்காக அந்த 12 ரூபாயை எடுத்துக்கொள்வோம்.

ராயக்கோட்டைத் தக்காளியும் ஒசூர் முட்டைக்கோசும் வாங்கி விற்கும் ஒரு மொத்தக் காய்கறிக் கடை. தினம் 120 கிலோ கழிவு என்று வைத்துக்கொள்வோம். அதில் 110 கிலோ அழுகிய காய், தழை. 10 கிலோ சாக்கு, கயிறு, அட்டை, பிளாஸ்டிக். எல்லாவற்றையும் கலந்து கொட்டினால் ஒரு நாளைக்கு ரூ.1,440. முப்பது நாளைக்கு ரூ.43,200.

அதே கடைக்காரர் தழையை மாட்டுப் பண்ணைக்கும் எருவுக்கும் அனுப்பிவிட்டு, மீதி 10 கிலோவை மட்டும் கொடுத்தால் ஒரு நாளைக்கு ரூ.120. மாதத்துக்கு ரூ.3,600. வித்தியாசம் ரூ.39,600. வண்டிக் கூலியும் ஆள் கூலியும் கழித்தாலும் நல்ல தொகை மிஞ்சும். அட்டையும் சாக்கும் பழைய சாமான் கடைக்குப் போனால் அதுவும் வரவு.

இன்னொரு காரணமும் உண்டு. நாளொன்றுக்கு 100 கிலோ அல்லது அதற்கு மேல் கழிவு தருவோர் 2026 விதிகளின்படி "பெருமளவுக் கழிவு உருவாக்குவோர்". 20,000 சதுர மீட்டர் தளப் பரப்பு அல்லது நாளுக்கு 40,000 லிட்டர் தண்ணீர்ப் பயன்பாடு இருந்தாலும் இதே வகைதான். இவர்கள் பதிவு செய்ய வேண்டும். ஈரக் கழிவை இயன்றவரை தம் இடத்திலேயே பதப்படுத்த வேண்டும். காய்கறி மண்டி, திருமண மண்டபம், பெரிய ஓட்டல், வணிக வளாகம் வைத்திருப்போர் ஒரு வாரம் தராசு வைத்துக் குப்பையை எடை போட்டுக் குறித்து வையுங்கள். உண்மையான எடை தெரிந்தவரிடம் அதிகாரி உத்தேசக் கணக்குப் போட முடியாது. வளாகத்தில் வாடகைக்கு இருப்போர், பதிவு யார் பெயரில், செலவு யார் பொறுப்பில் என்பதை உரிமையாளரிடம் இப்போதே கேட்டுத் தெளிவு செய்துகொள்வது நல்லது.

நாம் செய்ய வேண்டியதும் கேட்க வேண்டியதும்

முதலில் நம் பக்கத்துக் குறையை ஒப்புக்கொள்வோம். இரவு கடை மூடும்போது குப்பையைச் சாக்கடையில் தள்ளிவிட்டுப் போகும் பழக்கம் நம்மில் சிலரிடம் இன்னும் இருக்கிறது. அந்தச் சாக்கடை அடைத்து, மழைநீர் கடைக்குள் வந்தபின் மாநகராட்சியைத் திட்டுவதில் பொருளில்லை. அடைப்பை எடுக்கும் கூலியும் நம் வரிதான். கையில் சுத்தமிருந்தால்தான் கணக்குக் கேட்கும் குரலுக்கு வலுவிருக்கும்.

அதன்பின், நம் உள்ளாட்சி மன்றங்களின் முன் வைக்கத்தக்க கோரிக்கைகளாக ஐந்தைக் கருதுகிறோம்.

ஒன்று: குப்பைச் செலவுக்கும் குப்பைக் கட்டண வரவுக்கும் தனிக் கணக்கு. ஆண்டுக்கு ஒருமுறை அதை அறிவிப்புப் பலகையில் ஒட்ட வேண்டும். எவ்வளவு சம்பளம், எவ்வளவு ஒப்பந்தம், எவ்வளவு டீசல் என்று கட்டுபவருக்குத் தெரிய வேண்டும்.

இரண்டு: கட்டணம் கடையின் சதுர அடியைப் பார்த்து அல்ல, குப்பையின் அளவைப் பார்த்து. ஆயிரம் சதுர அடி துணிக்கடையில் ஒரு கூடைக் குப்பை. நூறு சதுர அடி பழக்கடையில் பத்துக் கூடை. பிரித்துக் கொடுப்பவருக்குத் தள்ளுபடி வேண்டும். அதுதான் பிரிக்கத் தூண்டும்.

மூன்று: துணை விதி திருத்தும்போது வணிகர் சங்கங்களை முன்கூட்டி அழைத்துக் கேட்க வேண்டும். அறிவிப்புகளைத் தமிழோடு தெலுங்கிலும் கன்னடத்திலும் தர வேண்டும். எல்லையில் கடை வைத்திருக்கும் பலருக்கு வீட்டு மொழி அவைதான். விதி புரியாமல் அபராதம் கட்டியவர்கள் நம்மிடையே உண்டு.

நான்கு: தடை செய்த பையை எல்லையிலும் உற்பத்தி இடத்திலும் பிடிக்க வேண்டும். லாரியில் மூட்டையாக வருவதை விட்டுவிட்டு, பூக்காரம்மாவின் கூடையில் பத்துப் பை தேடுவது நியாயமல்ல.

ஐந்து: உள்ளாட்சியோடு சேர்ந்து நாம் மேலே கேட்க வேண்டியது. உறை தயாரித்து லாபம் பார்க்கும் நிறுவனங்கள் சான்றுக்காகக் கொடுக்கும் பணத்தில், அதைப் பொறுக்கிப் பிரிக்கும் உள்ளாட்சிக்கு ஒரு பங்கு வர வேண்டும். புதிய விதி ஒன்றைப் போடும்போதே, அதன் மாதச் செலவு எவ்வளவு, அதை யார் தருவது என்றும் எழுத வேண்டும். இந்தக் கோரிக்கையில் ஒசூர் மாநகராட்சியும் கிருஷ்ணகிரி நகராட்சியும் நம் எதிரிகள் அல்ல. நம்மோடு நிற்க வேண்டியவர்கள்.

முன்பு விற்பனை வரிக் காலத்தில் ஒவ்வொரு மாற்றமும் நமக்குத் தெரியாமல் வந்து, தெரிந்தபோது அபராதத்தோடு வந்தது. இந்த முறை அப்படி விட வேண்டாம். நாளைக் காலை கடை திறந்ததும் இரண்டு கூடையை வாங்கி வையுங்கள். ஒரு வாரத்து எடையைக் குறித்துக்கொண்டு சங்க அலுவலகத்துக்கு வாருங்கள். நூறு கடையின் எடைச் சீட்டு கையில் இருந்தால், மன்றக் கூட்டத்தில் நாம் பேசுவது முறையீடாக இராது, கணக்காக இருக்கும். வியாபாரி பேச வேண்டியது கணக்கைத்தான்.